கேற்றடியில் சொன்ன பொய்

வவுனியாவில் நீர்ப்பாசனக் கந்தோரில் என் சிநேகிதனும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அவன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். அதில் இரண்டு பேர்தான் இருக்கலாம். ஞாயிறுதோறும் கிளிநொச்சி வரை பறப்போம். நான் கதவை இறுக்கிப் பிடித்திருப்பேன், அவன் சிரிப்பான்.

காய்ச்சலில் விழுந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனான். முப்பத்திரண்டு வயது. காரை யாழ்ப்பாணத்திலிருந்த அவனுடைய தமையனிடம் சேர்க்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அரைகுறையாக ஓட்டத் தெரிந்த நான் தனியாகப் புறப்பட்டேன்.

மாங்குளத்துக்கு அப்பால் ரயில் கேற்றடியில், சத்தத்தை வைத்தே காரை அறிந்து காவல்காரர் வெளியே வந்தார்.

“இண்டைக்கு நீங்களோ ஓடுறியள்? ஐயா எங்கை?”

“ஊருக்குப் போயிட்டார்” என்றேன்.

“வரேக்கை ஆறுதலா வரச்சொல்லுங்கோ. அவர் ஓடுற ஓட்டத்துக்கு எனக்கெல்லோ பயம்.”

“ஓம், சொல்லுறன்.”

கேற்றைத் திறந்துவிட்டார். கொஞ்சத் தூரம் போய், காரை ஓரமாக நிறுத்தினேன். செத்த வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது. அவன் இருக்கிறான் என்று நினைக்க ஒருவராவது இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் போலும். இரண்டு பக்கமும் காடு. வெகுநேரம் ஒரு வாகனமும் வரவில்லை.