பச்சை டேப் சுற்றிய பிளக்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது எனக்குச் சுலபம். குவைத்தில் ஃபர்வானியாவில் இருந்த ஆறு வருடமும், அடையாள அட்டை சட்டைப் பையில் பத்திரமாக இருந்தும், போலீஸ் வண்டியைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பேன். துபாய்க்கு வந்து மேடை போடும் கம்பெனியில் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. நாற்பத்தொரு வயது, இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பா, கேபிள் இழுப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். ஆனால் ஃபோர்மேன் தொண்டையைச் செருமினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு முறை ஜப்பானிலிருந்து ஒரு பாட்டுக்கார அம்மா வந்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுபவர். அறுபதைத் தாண்டியவர். இங்கே வேலை பார்க்கும் ஜப்பான் குடும்பங்களுக்காகச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கச்சேரி. அதற்கு முதல் நாள் அவருடைய ஆளுயரப் படங்களை வரவேற்பறையில் வரிசையாக நிறுத்துவது என் வேலை.

முதல் படத்தில் நெற்றியில் முடி விழ, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தார். பிறகு தோளில் பஞ்சு வைத்த கோட்டு. பிறகு ஆண்பிள்ளை போலக் கிராப்பு. ஒரு படத்தில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். அதுதான் சமீபத்திய படம் என்று நினைத்து வரிசையின் முடிவில் வைத்தேன். அவர்களுடைய டெக்னீஷியன், ஒல்லியான வயசாளி, வந்து அதைத் தூக்கி நடுவில் வைத்தார். "சிக். த்ரீ இயர், நோ சாங்," என்றார். அதற்கு அடுத்த படத்தில் அந்த அம்மா மறுபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் படத்திலும் ஒரே கீபோர்டு இருந்தது. ஓரத்தில் மரப்பலகை வைத்த பழைய கீபோர்டு. முதல் படத்தில் அதன் பின்னால் ஒருவன் கேபிளைப் பிடித்துக் குந்தியிருந்தான். வயசாளி அவனைக் காட்டி, பிறகு தன் மூக்கைத் தொட்டு, "மீ," என்றார். நாற்பது வருடம் ஒரே ஆளிடம் ஒரே கேபிளைப் பிடித்திருக்கிறார். நமக்கு ஒரு கம்பெனியில் நாலு வருடம் தாண்டினாலே பெரிய விஷயம்.

கச்சேரி அன்று காலையில் அந்த அம்மா ஒத்திகை பார்த்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் ஒரு பாட்டுக்குக் கேபிளைச் சுருட்டுவதை விட்டுவிட்டு நின்றேன். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து மேடம் ஜப்பான்காரர்களோடு பேசி எல்லாம் கேட்டு வைத்திருந்தார்.

"அது கலியாணம் கட்டிப் போன தங்கச்சிக்கு எழுதின பாட்டாம், அண்ணை. இருவது வயசில அந்தக் கீபோட்டில இருந்து எழுதினவவாம். வேற எதில வாசிச்சாலும் அந்தச் சத்தம் வராதாம்."

அவரேதான் எங்களுக்கு மூன்று ஜப்பான் வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தார். ஒஹாயோ, காலை வணக்கம். அரிகதோ, நன்றி. சுமிமாசென், மன்னிக்க வேண்டும்.

ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மேடையின் தரைவிரிப்பைச் சரிசெய்ய என்னை மட்டும் ஃபோர்மேன் நிறுத்தினான். "யல்லா, சீக்கிரம் முடி!" என்று கத்திவிட்டுப் போனான். கீபோர்டின் பக்கத்தில் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது, அம்மிக்கல் கனம். கீபோர்டின் வயர் அந்தப் பெட்டிக்குள் போயிற்று, பெட்டியின் வயர் சுவருக்கு. விரிப்பை இழுக்க இரண்டு வயரையும் பிடுங்கிப் பெட்டியை நகர்த்தினேன். கீபோர்டில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது.

அங்கேதான் என் பயம் என்னைக் கெடுத்தது. விளக்கு அணைந்ததைப் பார்த்தால் திட்டுவார்களே என்று, எப்படியாவது உடனே எரியவைக்கப் பார்த்தேன். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டதால் கீபோர்டின் வயர் அதற்கு எட்டவில்லை. சட்டைப் பையில் என் மல்டி பிளக் இருந்தது. உலகத்தில் எந்த நாட்டுப் பின்னையும் வாங்கிக்கொள்ளும் அந்த வெள்ளைக் கட்டை இல்லாத கல்ஃப்காரன் கிடையாது. கராமாவில் எட்டுப் பேர் இருக்கும் எங்கள் ரூமில் வாளி, தட்டு, பிளக் எல்லாவற்றிலும் அவரவர் அடையாளம் போட்டு வைப்போம். என்னுடையது பச்சை டேப். என் ஹெல்மெட்டிலும் டூல் பையிலும் அதே டேப்தான். அந்தக் கட்டையைத் தரைச் சாக்கெட்டில் குத்தி, கீபோர்டை அதில் சொருகினேன்.

சிவப்பு விளக்கு என்றைக்கும் இல்லாத வெளிச்சமாக எரிந்தது. டப் என்று ஒரு சத்தம். பிறகு ரப்பர் கருகும் நாற்றம். ஜப்பானில் கரண்டு நம்முடையதில் பாதிகூட இல்லை என்பதும், அந்த இரும்புப் பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கத்தான் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரியும். ஊருக்குக் கொண்டுபோன மிக்சியும் அயர்ன்பாக்ஸும் மல்டி பிளக்கில் ஓடின. கரண்டு எங்கேயும் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு லைட்டைக் கீழே போட்டவனை விசா கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பினார்கள். பெரியவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. முகம் கழுவும்போதுதான் பச்சை டேப் ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினேன்.

வயசாளி அதற்குள் அங்கே மண்டியிட்டிருந்தார். பெட்டி பழைய இடத்தில் இருந்தது, கீபோர்டின் வயர் பெட்டிக்குள் இருந்தது. சாக்கெட்டில் என் பிளக்கைக் காணோம்.

நாற்றம் பிடித்து ஃபோர்மேன் வந்தான். "கிஸ்னே ஹாத் லகாயா? எவன்டா கை வச்சது?" நான் விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அந்த அம்மாவும் வந்தார். வயசாளி எழுந்து, இடுப்பை மடித்து, அவருக்கு முன்னால் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

அவரோடு வந்த மேடம் என் காதருகில் சொன்னார், "தன்ர பிழையாம், அண்ணை. பெட்டியில வோல்ட்டை மாத்தி வச்சிட்டாராம்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?" என்றார்.

அந்த அம்மா கத்தவில்லை. கீபோர்டின் மரப்பலகையை உள்ளங்கையால் இரண்டு முறை தடவினார். அரங்கத்தின் பெரிய பியானோவை நடுவில் கொண்டுவரச் சொன்னார். தள்ளிய நாலு பேரில் நானும் ஒருவன்.

கச்சேரி முழுக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். யார் கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிளக் யார் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கடைசியில் தங்கைப் பாட்டு வந்தது. பாதியில் அவருடைய வலது கை பியானோவை விட்டு நகர்ந்து, அந்தப் பழைய கீபோர்டில் ஏதோ ஒரு குமிழ் இருந்த இடத்தைத் தேடிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மிச்சப் பாட்டை வெறும் தொண்டையில் பாடி முடித்தார். ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறரைக்குச் சாமான்களை லாரியில் ஏற்றும்போது வயசாளி கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். பத்தடி தள்ளி ஃபோர்மேன். முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். பார்க்காமலேயே டேப் தட்டுப்பட்டது.

"யூ, திஸ் கம்பெனி, ஹவ் மெனி இயர்?"

இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் மேடைப்பக்கம் கையைக் காட்டி, பிறகு தன் மூக்கைத் தொட்டார். "ஹெர், மீ, ஃபார்ட்டி."

தனக்குத் தாங்கும், எனக்குத் தாங்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார். "அரிகதோ," என்றேன். மன்னிப்புக் கேட்கும் அந்த மூன்றாவது வார்த்தையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஃபோர்மேன் காதில் விழுந்துவிடும் என்று சொல்லவில்லை.

போன மாதம் மேடம் ஒரு வீடியோ அனுப்பினார். அந்த அம்மா ஜப்பானில் பாடுகிறார், முடி முழுக்க வெள்ளை. கீபோர்டு புதுசு. அதன் பின்னால் கேபிளைப் பிடித்துக் குந்தியிருந்தவர் வேறு ஆள். வீடியோவை நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேடத்துக்கு ஃபோன் போட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"அந்த ஐயா இஞ்ச வந்து போன கையோட வேலையை விட்டிட்டாராம், அண்ணை. தானா விட்டதோ, விடச் சொன்னதோ தெரியேல்லை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான் மேடம்," என்றேன். அப்போதும் எனக்குப் பயம்தான். ஃபோனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து அந்தப் பிளக்கை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அதை எதிலும் சொருகியதில்லை. அதைப் பார்த்து "சுமிமாசென்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. ரூமில் இருந்த மற்ற ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.