துறைமுகத்தில் யாரும் அழவில்லை

கியோட்டோ ஸ்டுடியோவில் துணை நடிகைகளான எங்களுக்குத் தலை அலங்காரம் செய்பவர் ஹட்சுயே அக்கா. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், பதினேழு வயதில், மஞ்சூரியாவிலிருந்து ஜப்பானுக்கு அகதிக் கப்பலில் தனியாக வந்து இறங்கியவர். அதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார்.

அப்போது எடுத்த படத்தில், கப்பலிலிருந்து இறங்கும் பெண்கள் மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் பேன் மருந்துப் பொடியைப் பீய்ச்சி அடிக்கும் காட்சி. எங்களை அவமானத்தில் குமுறி அழச் சொன்னார் டைரக்டர் சோனோபே.

என் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா, "நாங்க அழலை சார், சிரிச்சோம்" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் சோனோபே.

"மாசக்கணக்கா பேன் பிடுங்கித் தின்னுச்சு சார். பொடி பட்டதும் அரிப்பு அடங்கிடுச்சு. எல்லாரும் மாவு மூட்டையில விழுந்த பூனை மாதிரி நின்னோம். சிரிப்பை அடக்க முடியலை."

"நாடே தோத்துக் கிடக்குது, இவளுங்களுக்குச் சிரிப்பான்னு ஜனங்க என்னை அடிக்க வருவாங்கக்கா!"

"அழுதது மறுநாள்தான். என் தங்கச்சி, பேன் கடிச்சுப் பரவுற காய்ச்சல்ல, கப்பல்லயே போயிட்டா. அந்தப் பொடி ஒரு மாசம் முன்னாடி கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பான்னு அப்பதான் உறைச்சுது."

சோனோபே காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்தார். படத்தில் வந்தது அழுகைதான். தயாரிப்பாளர் அதைத்தான் கேட்டாராம்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நாங்கள் சிரித்து நடித்த அன்று, எங்கள் முகத்துப் பொடியைத் துடைத்துவிட்டபடியே, தங்கையின் பெயர் மிசாவோ என்றும், அவள் சிரித்தால் விக்கல் வந்துவிடும் என்றும் சொன்னார்.