ஸ்க்ரூவில் வைத்த சிவப்புப் பொட்டு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் நோராவைப் போய்க் கேளுங்கள். சத்தியமாக நடந்தது.

நோராவுக்கு சுஹாஸைக் கண்டாலே வயிறெரியும். இருவரும் ஒரே பட்டறையில் சர்க்யூட் செய்பவர்கள். அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். அவன் நேற்று முளைத்தவன். ஆனால் அவன் செய்த சர்க்யூட்டைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். பட்டறைக்குள் போட்ட சின்னத் தண்டவாளத்தில் சரக்குத் தள்ளுவண்டி வரும். வழியில் இரண்டு சென்சார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வர வண்டிக்கு ஆகும் நேரத்தை வைத்து, வாசல் ஷட்டருக்கு எப்போது வந்து சேரும் என்று சர்க்யூட் கணக்குப் போடும். சரியாக அந்த நொடியில் ஷட்டர் திறக்கும். திங்கட்கிழமை டெமோ. ஜெயித்தால் அவன்தான் டீம் லீடர்.

"உன் சர்க்யூட் மட்டும் ஏன் நோரா தடுமாறுது? ஸ்க்ரூ லூஸா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். சென்சாரைப் பிடிக்கும் ஸ்க்ரூ நகராமலிருக்க, அதன் தலையில் மனைவி மமதாவின் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்பது அவன் வழக்கம்.

ஞாயிறு சர்ச் பூசை முடிந்ததும் நோரா தனியாகப் பட்டறைக்குப் போனாள். இரண்டாவது சென்சாரின் பொட்டைச் சுரண்டி, ஸ்க்ரூவைக் கழற்றி, சென்சாரை ஒரு சாண் தள்ளி மாட்டினாள். இனிக் கணக்குப் பிசகும். வண்டி மூடிய ஷட்டரில் போய் முட்டும்.

"நாளைக்குச் சிரிடா ராசா!"

டிக்.

முதல் சென்சாரில் விளக்கு எரிந்தது. தண்டவாளத்தில் வண்டி இல்லை...

டிக். இரண்டாவது.

சர்க்யூட்டின் திரையில் எண் இறங்கியது. ஒன்பது... எட்டு... ஏழு...

பிளக்கைப் பிடுங்கினாள். எண் நிற்கவில்லை.

மூன்று... இரண்டு...

கரகரவென்று ஷட்டர் ஏறியது. வெளியே வெயில்தான். ஆளில்லை.

நகப்பாலிஷ் வாடை.

திரும்பினாள். சென்சார் பழைய இடத்தில்... ஸ்க்ரூவில் சிவப்புப் பொட்டு.

தொட்டாள்.

ஈரம்.

ஓடினாள்.

தெருமுனையில் போன் அடித்தது. கூட வேலை செய்யும் அஷ்வின். "சுஹாஸ் போய்ட்டான்க்கா... விடிகாலைல, சந்தாபுரா கிட்ட, லாரி..."

விடிகாலையிலேயே! நோரா பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் அடுத்து வந்த நினைப்பு, இனி டீம் லீடர் நான்தான் என்பது. பாவி!

சாயங்காலம் சுஹாஸின் வீட்டுக்குப் போனாள். மமதா அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்கக்கா... விரல்ல என் பாலிஷ். எத்தன வாட்டி தொடச்சாலும் ஈரமாவே இருக்கு."

நோரா தன் விரலைப் பார்த்தாள். அதுவும் இன்னும் காயவில்லை.