கேட்காமல் கொடுப்பவர்

உணவகத்தில் எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்குள், "இவருக்கும் அதே வறுத்த மீன்தாம்மா. வெங்காயம் போடாதே, வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிடுவார் டுவேன் ஹாகன். யார் வயிற்றுக்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. பில்லையும் அவரே பிடுங்கிக்கொள்வார்.

மினசோட்டாவின் வடக்கே, ஏரிக்கரை ஊரில் படகு மோட்டார் பழுது பார்ப்பவர். ஸ்பார்க் பிளக் மாற்றக் கொண்டுவந்த மோட்டாரை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார். காசு எவ்வளவு என்றால், "அட போய்யா, போய் மீனைப் பிடி" என்று விரட்டுவார். தங்கமான மனுஷன் என்பது ஊர்ப்பேச்சு.

அந்தத் தங்கத்தோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவர் கொரின். ரொட்டிக்கடை நடத்துகிறார். ஒரு கோடையில், கொரினின் அப்பா விட்டுப்போன மரப் படகை விற்று, புது அலுமினியப் படகு வாங்கி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கரையில் நிறுத்தினார் டுவேன். கொரின் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்றே பல காலம் நம்பியிருந்தார் டுவேன்.

போன இலையுதிர் காலத்தில் விவாகரத்து ஆயிற்று. வீடு, கடை, பட்டறை எல்லாம் பிரிந்தன. அந்த வருடத்துக்காக இருவர் பெயரிலும் சேர்த்து முன்கூட்டியே கட்டியிருந்த வருமான வரி மட்டும் பிரியாமல் நின்றது. இனித் தனித்தனிக் கணக்கு. கட்டியதில் யாருக்கு எவ்வளவு? மார்ச் மாதம் ஒரு காலையில், வரிக்கணக்கு பார்க்கும் கிளெண்டாவின் மேஜை முன் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எப்படி வேணா பிரிச்சுக்கலாம்" என்றார் கிளெண்டா.

"முழுசையும் அவ பேர்லயே போட்டுடு. என்னுதை நான் புதுசா கட்டிக்கறேன்." டுவேன் எழுந்தே விட்டார்.

"உட்காரு" என்றார் கொரின். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்கு நல்லதுதானே செய்யறேன்?"

"எங்கப்பா படகை வித்தப்பவும் இதையேதான் சொன்னே. புதுப் படகு நல்லாத்தான் இருந்துச்சு. என்ன வேணும்னு நான் வாயைத் திறக்கறதுக்கு நீ விட்டாத்தானே?"

கிளெண்டா காப்பி எடுத்துவர எழுந்து போனார். காப்பி மேஜை மேலேயே இருந்தது.

டுவேன் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கமில்லாத பாஷை பேசுகிறவர்போலத் தடுமாறி, "சரி... உனக்கு எப்படிப் பிரிக்கணும்?" என்றார்.

"அவங்கவங்களுக்கு எவ்வளவு வரி வருதோ, அந்த விகிதத்துல. ஒரு டாலர் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"சரி."

கொரின் அவரை ஒரு கணம் பார்த்தார். "இவ்வளவுதான் டுவேன்" என்றார், குரல் தழைந்து. "இதை அப்பவே கேட்டிருக்கலாம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், கொரினின் கார் முன்கண்ணாடியைப் பனி மூடியிருந்தது. டுவேனின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

"சுரண்டி விடட்டுமா?"

"வேணாம். நானே பண்ணிக்கறேன்."

டுவேன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். தோளில் பனி விழுந்துகொண்டிருக்க, கொரின் கண்ணாடியின் கடைசி மூலைவரை சுரண்டி முடிக்கும் மட்டும், அசையாமல் நின்றார்.