எழுந்து வாசலுக்கு

இன்று காலை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் சிகிச்சைக்கு வந்தான். "குனிஞ்சா கால்விரலைத் தொடணும் மேடம், அவ்வளவுதான்" என்றான். அவன் காலை நீட்டித் தூக்கிப் பிடித்தேன். பின்தொடை வெடவெடத்தது. சண்முகத்தாய் நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்போது நான் விருதுநகரில் புது பிசியோதெரபிஸ்ட். வெள்ளைக் கோட்டு, பையில் இஞ்ச் டேப், மண்டை நிறையக் கர்வம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பகல் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு மருந்து அடைப்பவள் அவள். இடுப்பு பலகையாய் இறுகியிருந்தது. குதிகாலை என் தோளில் வைத்து ஆறு எண்ணும்வரை அழுத்தச் சொல்வேன்; விட்டதும் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவேன். பிறகு முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையால் நீவிவிடுவேன். அவள் போனபின் பார்த்தால் கோட்டில் அலுமினியப் பொடி மின்னும்.

தரையிலிருந்து எழும் முறையையும் பாடப்புத்தகப்படி சொல்லிக் கொடுத்தேன். ஒருக்களித்து, முழங்கால் ஊன்றி, நிதானமாக.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "மருந்துல பொறி விழுந்தா அங்கன இம்புட்டு நேரம் தாங்காதே டாக்டரம்மா. வாசப்பக்கம் நான் உக்காந்திருக்கேன். பின்னால கூட வேல செய்ற ராசாத்தி. நான் எந்திரிச்சாத்தான் அந்தப் பிள்ள வெளிய வர முடியும்."

"இடத்தை மாத்திக் கேட்கக் கூடாதா?"

"கேட்டா, முடியாதவன்னு நிறுத்திருவாக."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தது எதை?

மறுநாளிலிருந்து சிகிச்சை முடிந்ததும் கிளினிக் வாசலருகே பாய் விரித்தேன். சம்மணமிட்டு இருப்பாள். நான் சட்டென்று கை தட்டினால் எழுந்து வாசற்படி தாண்ட வேண்டும். முதல் நாள் ஒன்பது எண்ணிக்கை. கழுத்துவலிக்கு வந்த மளிகைக்கடை பாய் முதலில் சிரித்தார். பிறகு, "நீங்க தட்டப்போறது அவகளுக்குத் தெரிஞ்சு போகுதும்மா" என்று தானே தட்ட ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் மூன்றுக்கு வந்தாள்.

தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம் ஆமத்தூர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அன்று இருட்டும்வரை நான் கிளினிக் வாசலிலேயே நின்றேன்.

மறுநாள் சண்முகத்தாய் நொண்டிக்கொண்டு வந்தாள், ராசாத்தியின் தோளைப் பிடித்தபடி.

"ஓடுனதுல தொட பிடிச்சுக்கிச்சு டாக்டரம்மா. ரூம்தான் போச்சு. எல்லாரும் வந்துட்டோம்."

நான் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பட்டாசு அறை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம். மளிகைக்கடை பாயும் காலமாகிவிட்டார். போன மாதம் ராசாத்தி வந்து, மகளுக்குச் சடங்கு என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தேன். அழைப்பவர்கள் வரிசையில், தாய்மாமன்களுக்கும் மேலே, முதல் பெயர் சண்முகத்தாய்.