மாடி ஏறாத நாற்காலிகள்

மாரீஸ்வரி பொய்யே சொல்லாதவள் என்று தாராவியில் எவரும் சான்று தரமாட்டார்கள். எந்த நிறப் புடைவையும் உங்களுக்குப் பொருந்தும் என்று எத்தனையோ மணப்பெண்களிடம் வாய்கூசாமல் சொன்னவள்தான். ஆனால், கொடுத்த வாக்கிலிருந்து அவள் பிறழ்ந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அழகுக்கலை படித்தாள். பிறகு, மாட்டுங்காவில் ஓர் அழகுநிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். புருவம் திருத்துவது முதல் மணப்பெண் அலங்காரம் வரை அவளுக்குக் கைவராத வேலை இல்லை. கால்கள் நெடுநேரம் நிற்க மறுத்தபோது, இனிக் கற்றுக்கொடுக்கலாம் என்று தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள். சேர்க்க வந்த தாய்மாரிடம் அவள் உறுதியாகச் சொல்லியிருந்தாள்:

"எல்லாம் புதுசுதான் வாங்குதேன். அடுத்தவ கழிச்சுப் போட்டதுல நம்ம பிள்ளையளப் பழக விடமாட்டேன்."

அதற்குக் காரணம் இருந்தது. அவள் படித்த இடத்தில் ஒரு பழைய நாற்காலி உண்டு. காலால் மிதித்து உயர்த்தி வைத்தால், நினைத்த நேரத்தில் பொசுக்கென்று இறங்கிவிடும். அப்படி அது இறங்கியபோது, அவள் கையிலிருந்த கத்தரி உட்கார்ந்திருந்த அம்மாளின் காதுமடலைக் கீறிவிட்டது. அந்த அம்மாள் மன்னித்தாள். மாரீஸ்வரிக்குத்தான் பல நாள் கத்தரியைத் தொடக் கை வரவில்லை.

ஆகவே, மாஹிமில் பைசானின் பட்டறையில் அவள் பார்த்த இரண்டு நாற்காலிகள் எவ்வளவு பளபளத்தும் மனம் ஒப்பவில்லை. மூடப்பட்ட அழகுநிலையங்களின் சாமான்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பவன் பைசான். அவையும் செம்பூரில் மூடிய ஒரு நிலையத்திலிருந்து வந்தவை.

"அக்கா, உள்ளே எல்லாம் நயா மால், புதுச் சாமான். உட்கார்ந்து பாருங்க" என்றான்.

"உன் மேல சந்தேகம் இல்லப்பா. நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, வேறொரு கடையில் புதிய நாற்காலிகளுக்கே சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை வகுப்புத் தொடங்க வேண்டும். சனிக்கிழமை காலை நாற்காலிகள் சந்துக்குள் வந்து இறங்கின. மாடிக்குப் போவது செங்குத்தான இரும்பு ஏணி; ஓர் ஆள் பக்கவாட்டில் ஏறலாம். அங்கெல்லாம் பெரிய சாமான்களைக் கயிற்றில் கட்டிச் சன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். கடையாட்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். சன்னலில் புத்தம்புதிய கிரில், சுவரோடு சுவராகப் பதிந்திருந்தது.

பைகள் தைக்கும் பட்டறையிலிருந்து ஓடிவந்த அவள் கணவன் ராஜபாண்டி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஏட்டி, ஊரு ஒலகத்துல பீரோவ ஏத்திட்டுத்தான் கிரில்லு வைப்பாவ. நீ கிரில்ல வச்சிட்டு நாற்காலிய ஏத்தப் பாக்கியா?"

"கிரில்லு வைக்க வந்த பூதத்தான், கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேன், இப்ப விட்டா அடுத்த மாசந்தான்னு சொன்னான். அதான் வைக்கச் சொல்லிட்டேன்."

"அவனுக்குக் கொடை. நமக்கு வேடிக்கை!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்கூடச் சிரித்தாள். மாரீஸ்வரி வெல்டர் பூதத்தானைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"குண்டக்கல் தாண்டிட்டேன் மதினி" என்றான் அவன், ரயில் இரைச்சலுக்கு நடுவே. "வேற ஆள விட்டு அறுத்துராதீக. பழைய செவரு, கிரில்லோட சேந்து வந்துரும்."

நாற்காலியைப் பிரித்து ஏற்றலாமே என்றால், பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கடையாட்கள் மறுத்தார்கள். வந்த வண்டியிலேயே நாற்காலிகள் திரும்பிப் போயின.

மாலையில் அவள் மீண்டும் மாஹிமுக்குப் போனாள். நாற்காலி கிடைக்காமற் போய்விடுமோ என்பது அவள் கவலை அன்று. பழைய நாற்காலிகளை வைத்தால் அந்தத் தாய்மார் முகத்தில் எப்படி விழிப்பது? அவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டால், பள்ளி தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

பைசான் நாற்காலியை அவள் கண்ணெதிரே மூன்றாகப் பிரித்துக் காட்டினான்: அடித்தட்டு, உயர்த்தும் பம்பு, இருக்கை. பம்பில் எண்ணெய் கசியாமல் இருக்க மாற்றியிருந்த ரப்பர் வளையங்களையும் காட்டினான்.

"மேலே கொண்டுவந்து நானே பூட்டித் தர்றேன். டென்ஷன் வேணாம் அக்கா."

அவள் அவனையே அதில் உட்காரவைத்து, மிதித்து உச்சிவரை உயர்த்தினாள். தேநீர் வரவழைத்துக் குடித்தாள். அவன் இறங்கவே இல்லை.

"நானும் சாய் குடிக்கலாமா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

புதிய நாற்காலிகளுக்குப் பதிலாக நீராவிக் கருவிகளும் கூந்தல் உலர்த்திகளும் தர அந்தக் கடைக்காரர் இசைந்தார். சூடேறுவதெல்லாம் புதியது, உட்காருவது மட்டும் பழையது என்று அவள் மனத்துக்குள் வகுத்துக்கொண்டாள். வகுத்தது நியாயமாகத்தான் பட்டது. வாக்கு மட்டும் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பைசான் வந்து பூட்டிக்கொடுத்துப் போனதும், தாய்மாரை மேலே அழைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"புதுசுன்னு சொன்னேன். இந்த ரெண்டும் புதுசு இல்ல. பிள்ளைய வேற எடத்துல சேக்கணும்னா சேத்துக்கிடுங்க. நான் மனசுல வச்சுக்கிட மாட்டேன்."

கீழே சந்தில் ஸ்கூட்டர் ஒன்று முக்கி முனகியது. பிறகு முத்துமாரி என்பவள் வாயைத் திறந்தாள்.

"யக்கா, எங்க வீட்டுக்காரரு பழைய டப்பாவ நசுக்கித்தான் எம்பொண்ணுக்குச் சோறு போடுதாரு. தாராவியில வந்து பழசுக்கு மூஞ்சியத் திருப்புனா, நாங்க எங்க போக?"

"பழசு புதுசு கெடக்கட்டும், தாங்குமான்னு பாப்போம்" என்று கோமதியம்மாள் எழுந்தாள். அந்தச் சந்திலேயே கனத்த உடம்பு அவளுடையது. "மிதிட்டி முத்துமாரி."

"ஏம்மா, எங்காலு ஒடிஞ்சா யாரு கஞ்சி ஊத்துவா?"

"நான் ஊத்துதேன். மிதி!"

முத்துமாரி மிதிக்க மிதிக்கக் கோமதியம்மாள் உயர்ந்தாள். மாரீஸ்வரியின் கண் பம்பிலேயே இருந்தது. நாற்காலி உச்சிக்குப் போய் நின்றது, நூலளவும் இறங்கவில்லை. கோமதியம்மாள் மேலேயே அசைந்தாள், குலுங்கினாள், சுற்றிச் சுழன்றாள். பெண்கள் சிரித்த சிரிப்பில், கீழேயிருந்து ராஜபாண்டி "என்ன, விழுந்துட்டாவளா?" என்று கத்தினான்.

"உம்ம பட்டற விழும், நான் விழமாட்டேன்!" என்றாள் கோமதியம்மாள். பிறகு மாரீஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "எம்பொண்ணு காலையில எத்தன மணிக்கு வரணும்?"

மாரீஸ்வரிக்கு இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்துக்கிடந்தது பெருமூச்சாக வெளியேறியது. "பத்து மணிக்கு, சித்தி" என்றாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏணியில் இறங்கினார்கள். கோமதியம்மாள் மட்டும் அசையவில்லை.

"ஏறுனது ஏறிட்டேன். இந்தப் புருவத்தக் கொஞ்சம் ஒதுக்கி விடு தாயி."

மாரீஸ்வரி புருவம் திருத்தும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.