மேட்டில் கை வைத்தவள்

தொழிற்சாலையில் அவளைப் ‘பரபரப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள், வேறு வழி? கைபேசியில் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் அவளுக்குச் சோறு இறங்காது. “கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டவ மாதிரியே இருக்கியே, கொஞ்சம் உட்காரேன்” என்று கணவன் சொன்னால் அதையும் நின்றுகொண்டே கேட்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் பேருந்துக்கு மூளை எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். எந்த நொடியில் என்ஜின், எந்த நொடியில் பேட்டரி என்று முடிவு செய்யும் கணினி மூளை. அவள் எழுதிய முறை, வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வரும். மேட்டுக்கு அப்பால் இறக்கம் உண்டென்று தெரிந்தால், ஏறும்போதே பேட்டரியைத் தாராளமாகச் செலவழிக்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தி மின்சாரமாகித் திரும்பி வர உள்ளே இடம் வேண்டுமல்லவா? இப்போது வண்டிகளில் இருக்கும் பழைய மூளைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மூன்று வருட உழைப்பு. சோதனை ஓட்டத்தில் பழையதைவிடக் குறைவாக டீசல் குடித்தால் எல்லாப் பேருந்துகளிலும் அவளுடையது ஏறும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஓட்டுநருக்குப் பின்னால் அவள், மடியில் கணினி. பாதி மேடு ஏறுவதற்குள் பேட்டரி மளமளவென்று இறங்கியது. எல்லாம் அவள் போட்ட கணக்குப்படிதான். ஆனால் மனசு கேட்க வேண்டுமே! நடுமேட்டில் நின்றுவிட்டால்? கை தானாகப் போய், என்ஜினை முடுக்கும் கட்டளையைத் தட்டிவிட்டது.

என்ஜின் கத்திக் கத்திப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றியதில், உச்சிக்கு வந்தபோது அது நிறைந்திருந்தது. இறக்கத்தில் வந்த சக்திக்கு உள்ளே இடமில்லை. பிரேக் சூடாகித் தீய்ந்த வாடை அடித்ததுதான் மிச்சம்.

“பழசே தேவலைன்னு வந்திருக்கு,” என்றார் மேலாளர், வண்டி திரும்பி டீசலை அளந்ததும். “நடுவுல யாராவது கை வெச்சீங்களா?”

பொய் சொல்ல வரவில்லை. “நான்தான் சார். பயந்துட்டேன்.”

“நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டுவோம். அதோட சரி. நீங்க வண்டியில ஏறக் கூடாது.”

மறுநாள் பேருந்து போன பிறகு அவள் வாசலுக்கும் பணிமனைக்குமாக நடந்தாள். காவலாளி பாவம் பார்த்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதைச் சுற்றி நடந்தாள். வண்டி வழியில் நின்றால் ஓட்டுநர் கூப்பிடுவார். கைபேசி ஒலித்தபோது உயிர் போய் வந்தது. கணவன்.

“நிக்கிறியா, உட்கார்ந்திருக்கியா?”

“போனை வெச்சித் தொலைங்க!”

கடைசியில் பேருந்து வந்து சேர்ந்தது. மெக்கானிக் டீசலை அளந்தார், நம்பாமல் மறுபடியும் அளந்தார். “பழசு பக்கத்துலயே வர முடியாது சார்,” என்றார். மேலாளர் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். “உச்சிகிட்ட பேட்டரி அடிமட்டத்துக்கே போயிடுச்சும்மா. நேத்து நீங்க பயந்தீங்களே, அதைவிட எவ்வளவோ கீழ. நானே ஓரங்கட்டிடலாமான்னு பார்த்தேன். இறங்கும்போது மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. நீங்க இருந்திருந்தா கை வெச்சிருப்பீங்க.”

“வெச்சிருப்பேண்ணே,” என்றாள்.

சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை, பெற்றவள் பக்கத்தில் இல்லாத அன்றைக்குத்தான் விழாமல் நடந்திருக்கிறது.